ஓடாத ரயிலின் அளவுகள்

"அளவுநாடாவை மட்டும் வெளிய எடுத்திராதீங்க மிஸ். றேமண்டுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு பாய் விரிச்சிருவாங்க."

சொன்னவன் பாயிஸ். முச்சக்கர வண்டி ஓட்டுவது அவன் தொழில், வாயடிப்பது பொழுதுபோக்கு, இமெல்டாவுக்கு உதவியாளனாக இருப்பது இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்த தண்டனை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இமெல்டா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்புறுதிக் கம்பனியொன்றில் பதினெட்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பழகிய கண் அது. இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேலே சொந்தத் துப்பறியும் அலுவலகம். வயது ஐம்பத்திரண்டு. மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை.

வெள்ளவத்தை ரயில் மேடையில் காலை பதினொரு மணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல்மூட்டைக் காவலரண். உள்ளேயிருந்த சிப்பாய் அவர்கள் இருவருடைய அடையாள அட்டைகளையும் ஏற்கெனவே இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டான்.

மூன்று நாட்களுக்கு முன் இதே மேடையில், இதே இரும்புத் தூணின் அடியில் குந்தியிருந்து, உளியால் சீமெந்தைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்தார்கள். பெயர் றேமண்ட். மன்னாரிலிருந்து வந்த தச்சன். எட்டு மாதமாக மனைவி நேசத்தோடு காலி வீதி லொட்ஜ் ஒன்றில் இருக்கிறான். அவன் பைக்குள் ஒரு கொப்பி. கொப்பி நிறைய ரயில் பெட்டிகள்: கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை, மிதிபலகை எவ்வளவு நீளம். 1997ஆம் ஆண்டுக் கொழும்பில் ஒரு தமிழன் ரயிலை அளந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

றேமண்ட் சொன்ன அர்த்தம் வேறு. கொட்டாஞ்சேனையில் கிளெமென்ற் என்று ஓய்வுபெற்ற துறைமுகக் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அவரிடம் பித்தளையில் செய்த ஒரு சாண் நீள நீராவி என்ஜின் இருக்கிறது. அதற்குப் பின்னால் பூட்ட மரத்தில் குட்டிப் பெட்டிகள் செய்து கொடுத்திருக்கிறேன். இதுதான் அவன் வாக்குமூலம். இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். ஆள் அனுப்பிக் கேட்டார். கிளெமென்ற், அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

இன்று நாலு மணிக்கு விசாரணைக் கோவை மேலிடத்துக்குப் போகிறது. போனால் றேமண்ட் தெற்கே தடுப்பு முகாமுக்குப் போவான். திரும்பி வரும் தேதியை எழுத அந்தக் கோவையில் கட்டம் எதுவும் கிடையாது. காலையில் பேக்கரிப் படியேறி வந்த நேசம் அழவில்லை. "அவர் பொய் சொல்லுறவர் இல்லை அக்கா. கிளெமென்ற் சேர் ஏன் இல்லையெண்டவர் எண்டுதான் விளங்கேல்ல," என்று மட்டும் சொன்னாள்.

பொலிஸ் நிலையத்தில் இமெல்டாவைப் பத்து நிமிடம் கொப்பியைப் பார்க்க விட்டார்கள். எல்லா அளவும் நூல் கணக்கில் இருந்தது. தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்பார்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் அடிக்கணக்கு தலைகாட்டியது. 'வெள்ளவத்தை ஸ்டேஷன். தூண்: 10 அடி, 5 நூல். பெட்டி: ?, 24 நூல்.' இன்ஸ்பெக்டருக்குத் தூக்கத்தைக் கெடுத்த பக்கம் அதுதான்.

"பாயிஸ், அந்தத் தூணிலே கொஞ்சம் சாஞ்சு நில்லும்."

பாயிஸ் நின்றான். அவன் உயரம் சரியாக ஐந்தடி. அதைப் பற்றி யாராவது பேசினால் அவனுக்குக் காது கேட்காது. தூண் அவனைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருந்தது.

"ரெண்டு பாயிஸ். பத்தடி," என்றாள் இமெல்டா. "அளவு சரி. இப்ப சொல்லும், குண்டு வைக்க வாறவன் எதை அளப்பான்?"

"கோச்சியை."

"இவன் தூணை அளந்துபோட்டு, கோச்சிப் பெட்டிக்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறான். ஏன்?"

சிவப்பு ரயிலொன்று வந்து நின்று, ஆட்களை உதறிவிட்டுப் புறப்பட்டது.

"ஒரு நிமிஷந்தான் நிக்கிது மிஸ். இவன் அதை அளக்கப் போனா அது இவனை அளந்துரும்."

"அவனுக்கு வேண்டிய பெட்டி இந்த மேடையிலே இல்லை, பாயிஸ். அது ஒரு படத்திலே நிக்குது. பழைய படம். அதிலே இந்தத் தூண் அஞ்சு நூல் உயரம். பக்கத்திலே பெட்டி இருபத்திநாலு நூல் நீளம். பெட்டியை எப்பவோ உடைச்சுப்போட்டாங்கள். தூண் மட்டும் அப்பிடியே நிக்குது. தூண் பத்தடியெண்டா ஒரு நூலுக்கு ரெண்டடி. அப்ப பெட்டி?"

பாயிஸ் உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தான். "நாப்பத்தெட்டு."

"ஓடாத ரயிலை ஓடாத தூணாலே அளந்திருக்கிறான். அந்தப் படம் கிளெமென்றிட்டதான் இருக்கவேணும்."

எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. இமெல்டா குனிந்து தூணின் அடியைப் பார்த்தாள். சீமெந்து அதை மோதிரம் போல இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தில் நாலு விரல் ஆழத்துக்கு உளி தோண்டிய குழி. பத்தடி என்று அளந்து எழுதி, பெட்டிகளையும் செய்து முடித்த மனிதன் மறுபடி வந்து இங்கே எதைத் தோண்டினான்? சிப்பாய் எழுந்து நிற்கவே, குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

காலி வீதி நடைபாதைக் கடையில் அவள் ஒரு விளையாட்டு ரயில் பெட்டி வாங்கினாள். சிவப்பு பிளாஸ்டிக், கறுப்பு ஜன்னல்; சற்று முன் மேடையில் வந்து நின்ற ரயிலின் குட்டி மாதிரி. இது எதற்கு என்று பாயிஸ் கேட்டதற்கு, தூண்டிலில் மாட்டுவதற்கு என்றாள்.

"இதைக் கடிக்கிற மீனும் ஈக்கா மிஸ்?"

"இதைக் கண்டா கடிக்காமல் இருக்கேலாத மீன் ஒண்டு இருக்கு."

கொள்ளுப்பிட்டியில் ஒரு சோதனைச் சாவடி, கோட்டையில் இரண்டு. மூன்றிலும் சிவப்புப் பெட்டியை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில், 'மல்லி' என்று தம்பி முறை கொண்டாடி, உள்ளே பயணிகள் யாருமில்லை என்று பாயிஸ் சிங்களத்தில் சொல்லப்போய், இருக்கையைக் கழற்றிக் காட்டுவதற்குக் கால் மணி நேரம் போயிற்று. கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது மணி ஒன்றரை.

கதவைத் திறந்தவள் கிளெமென்றின் தங்கை மாக்ரெட். அறுபத்தைந்து வயது, கல்யாணமாகவில்லை, அண்ணனுக்குச் சமைத்துப் போட்டு, அவரோடு வாதாடுவதே வாழ்க்கை என்று முகத்தில் எழுதியிருந்தது. பாயிஸ் முன்னால் பாய்ந்து, பெரியவர் ஒருவர் மௌத்தாகிவிட்டார், அவர் சேகரித்த பழங்காலத்து ரயில் பெட்டியொன்று கைக்கு வந்திருக்கிறது, இந்த வீட்டு ஐயாதான் இதில் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்கிறது என்று மூச்சுவிடாமல் அளந்தான். கெட்டிக்காரர் என்ற சொல் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். "வரச் சொல்லு," என்று ஒரு குரல் வந்தது.

முன்னறையில் நீண்ட மேசை. அதன்மேல் தண்டவாளம். ஒரு முனையில் அந்த என்ஜின் நின்றது. புகைபோக்கி, கொதிகலன், விரல்நுனி அளவு மணி எல்லாம் பளபளவென்று துடைத்த பித்தளை. பின்னால் மேசை நீளத்துக்கு வெறும் தண்டவாளம். ஒரு பெட்டியும் இல்லை.

கிளெமென்ற் மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, தான் இப்போது இந்த விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டதாகச் சொன்னார். துடைக்கும் துணி இன்னும் கையில் இருந்தது.

இமெல்டா பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்து, என்ஜினுக்குப் பின்னால் தண்டவாளத்தில் வைத்து, ஒட்டித் தள்ளினாள்.

"வடிவா இருக்கு," என்றாள்.

கிளெமென்ற் துணியைக் கீழே போட்டார். இருபத்தேழாம் ஆண்டு கப்பலால் இறங்கிய என்ஜின் இது என்று மெதுவாகத்தான் தொடங்கினார். இந்தச் சிவப்பு இரும்புப் பெட்டி நாட்டுக்குள் வந்தபோது இந்த என்ஜினெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார். தாத்தாவின் கலியாணப் படத்தில் பேரனை நிறுத்துகிற வேலை இது என்றார். பிறகு குரல் ஏறியது. மரப்பெட்டி வேண்டும், ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு வேண்டும், கண்ணாடிக்குப் பதில் மரச் சாய்பலகை வேண்டும், வெளியே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மிதிபலகை வேண்டும். அதிலும் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஒரு நிறம், முதலாம் வகுப்புக்கு ஒரு நிறம் என்று—

"நீளம் ஐம்பது அடி இருக்குமோ?" என்றாள் இமெல்டா.

"நாற்பத்தெட்டு! நாற்பத்தெட்டு அடி. ஒரு அங்குலம் கூட இல்லை."

"எந்தப் புத்தகத்திலே இருக்கு?"

"புத்தகத்திலே எங்கே இருக்கு? வரைபடமே இல்லை. பெட்டியெல்லாம் உடைச்சு விறகாப் போச்சுது."

"அப்ப நாற்பத்தெட்டு எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கிளெமென்ற் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த நாட்டிலே அந்தக் கணக்கு ரெண்டு பேரிட்டத்தான் இருக்கு, மிஸ்டர் கிளெமென்ற். கணக்கைக் கண்டுபிடிச்சவர் பொலிஸ் கூட்டுக்குள்ளே இருக்கிறார். மற்றவர் நீங்கள்."

கிளெமென்ற் கீழே கிடந்த துணியைக் குனிந்து எடுத்து மடித்தார்.

தான் பொய் சொல்லவில்லை என்றார் கடைசியில். வெள்ளவத்தைக் கோச்சியை அளக்கச் சொன்னாயா என்று கேட்டார்கள், இல்லை என்றேன், உண்மைதானே, நான் கேட்டது முப்பத்தாறாம் ஆண்டுக் கோச்சியை. அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு வேறு குரலில், "எனக்கு அறுபத்தெட்டு வயசு. அட்டையிலே பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. உள்ளே போனா வெளியே விடுவாங்களோ?" என்றார்.

இமெல்டா தெரியாது என்றே சொன்னாள்.

அப்போதுதான் குசினிப் பக்கமிருந்து சடசடவென்று சத்தம் கேட்டது. மாக்ரெட் அரிசி வாளியோடு வந்து அதை மேசையில் கவிழ்த்தாள். அரிசியோடு அரிசியாக ஐந்து ரயில் பெட்டிகள் விழுந்தன. மரம், ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு, நகக்கண் அளவு சாய்பலகை. ஒவ்வொன்றும் பார்த்தவர் கையை இழுக்கிற வேலைப்பாடு.

"பொலிஸ் வந்திட்டுப் போன அண்டைக்கு ஒளிச்சவர்," என்றாள் மாக்ரெட். "மூண்டு நாளா நான் அரிசி களையேக்க கோச்சிப் பெட்டியைக் களையிறன்." சேலைத் தலைப்பிலிருந்து ஒரு படத்தையும் எடுத்து வைத்தாள். பழுப்பேறிய படம். வெள்ளவத்தை மேடை, இரும்புத் தூண், அதன் பக்கத்தில் மரப்பெட்டி. திறந்த கதவில் ஒரு பெண், ஒரு சிறுவன், ஒரு சின்னப் பெண்பிள்ளை. தூணருகே வண்டியை அனுப்பும் கொடியோடு ரயில்வே காட் ஒருவர்.

"அது அப்பா. அந்தச் சின்னது நான். படத்திலே நானும் நிக்கிறன்தானே? நானே போய்ச் சொல்லுறன். அண்ணா வீட்டிலே இருக்கட்டும்." அவள் செருப்பை மாட்டினாள். "பெட்டி ஐம்பது அடி எண்டும் சொல்லுறன்."

"என்ன?" என்றார் கிளெமென்ற்.

"அப்பா எப்பவும் ஐம்பது எண்டுதான் சொல்லுறவர். ஒரு பெட்டியை நடந்து தாண்ட இருபது எட்டு வைக்கவேணும் எண்டவர்."

"அப்பா குத்துமதிப்பாச் சொன்னவர்! மாக்ரெட், பொலிஸ் புத்தகத்திலே ஐம்பது எண்டு எழுதினா அது எழுதினதுதான். பிறகு அழிக்கேலாது."

"நான் ஐம்பதுதான் சொல்லுவன்."

கிளெமென்ற் தங்கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தண்டவாளத்தில் நின்ற சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார்.

"இந்த மனிசியைத் தனிய விட்டா எல்லாத்தையும் பிழையாச் சொல்லிப்போடும்," என்றபடி வண்டியில் ஏறினார். பயம் போய்விட்டதாகத் தெரியவில்லை. அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று வழி நெடுகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பொலிஸ் நிலையத்தை அடைந்தபோது மணி மூன்று இருபது. வாசல் மர வாங்கில் நேசம் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டரின் மேசையில் கோவை கட்டி முடித்து, நாடாவும் சுற்றியாயிற்று.

இமெல்டா சிங்களத்தில் சொல்ல, இன்ஸ்பெக்டர் அடிமட்டத்தைப் படத்தின்மேல் வைத்தார். தூண் ஐந்து நூல். பெட்டி இருபத்துநாலு. கொப்பியில் இருந்த கதவுகளும் ஜன்னல்களும் படத்தில் வரிசையாக நின்றன. மாக்ரெட் குட்டிப் பெட்டியொன்றை மேசையில் வைத்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் அரிசி உருண்டு விழுந்தது. இன்ஸ்பெக்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். கோவையின் நாடாவை அவிழ்த்தார்.

பாயிஸ் இமெல்டாவின் காதருகே வந்தான். "முடிஞ்சிது மிஸ். டீ குடிப்பமா?"

முடியவில்லை. இன்ஸ்பெக்டர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து உளியை எடுத்து மேசையில் வைத்தார். கொப்பியை ஒத்துக்கொள்கிறேன், இது எதற்கு என்று கேட்டார். படத்தைப் பார்த்துப் பெட்டி செய்கிறவனுக்குத் தூணுக்குக் கீழே என்ன வேலை?

கிளெமென்றுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் பயம் மறுபடி ஏறியது. இன்ஸ்பெக்டரின் கை நாடாவைத் தேடியது. மணி நாலுக்குப் பத்து நிமிடம்.

இமெல்டா படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கொடியோடு நிற்கும் காட். பக்கத்தில் தூண். தூணின் அடியில் கவிழ்த்த கிண்ணம் போல ஓர் இரும்புப் பாதம். அதைச் சுற்றி நாலு மரையாணிகள்.

காலையில் அவள் பார்த்த தூணுக்குப் பாதமே இல்லை. சீமெந்து மோதிரம்தான் இருந்தது.

"மாக்ரெட், உங்கட அப்பா எத்தனை அடி எண்டவர்?"

"ஐம்பது."

இமெல்டா இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். மேடையை எப்போதோ உயர்த்திச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். தூணின் பாதம் கீழே புதைந்துவிட்டது. அந்தப் பாதம் அரையடி இருக்கும்; படத்தில் இருக்கும் தூண் இன்றைய தூணைவிட அவ்வளவு உயரம். அப்படியென்றால் அது பத்தடி அல்ல, பத்தரை. ஒரு நூலுக்கு இரண்டடியும் கொஞ்சமும். பெட்டி நாற்பத்தெட்டு அல்ல, ஐம்பது. றேமண்ட் அங்கே எதையும் புதைக்கத் தோண்டவில்லை. புதைந்திருந்ததைப் பார்க்கத் தோண்டினான்.

றேமண்டைக் கூட்டி வந்தார்கள். மூன்று நாள் தாடி. வாசலைத் தாண்டும்போது நேசத்தைப் பார்த்த கண். அவனைக் கேட்டார்கள். அவன் கிளெமென்றை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து ஓம் என்றான்.

"இதை ஏனப்பா முதலே சொல்லேல்ல?" என்றாள் இமெல்டா.

"நான் புலி இல்லை எண்டு சொன்னனான் அக்கா. அஞ்சு பெட்டியும் பிழையாச் செய்துபோட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சேர் கேள்விப்பட்டா வேலை போயிடும்."

பாயிஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் புதிய தாளை எடுத்தார். வேலை கொடுத்தவரின் வாக்குமூலம். பெயர், முகவரி, அட்டை இலக்கம். பிறந்த இடத்தில் பேனா ஒரு கணம் நின்று மேலே போனது. செய்யச் சொன்ன பொருள்: மரத்தாலான ரயில் பெட்டி. உண்மைப் பெட்டியின் நீளம்?

எல்லாரும் கிளெமென்றைப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு என்றால் தூணுக்குப் பாதம் இல்லை. பாதம் இல்லையென்றால் உளிக்கு அர்த்தம் இல்லை. இத்தனை மாதம் அந்த எண்ணை அவர் சாமான் சட்டி போலத் துடைத்து வைத்திருந்தார். அதைக் காப்பாற்றத்தான் வண்டி ஏறினார்.

மாக்ரெட் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள்.

"ஐம்பது," என்றார் கிளெமென்ற்.

"கொஞ்சம் பலமா, அண்ணா."

"ஐம்பது!"

இன்ஸ்பெக்டர் எழுதினார். கிளெமென்ற் கையெழுத்துப் போட்டார். நேசம் எழுந்து வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை, அவன் சட்டையில் ஒட்டியிருந்த பாய்க்கோரையை மட்டும் எடுத்துவிட்டாள்.

கிளெமென்ற் மேசையிலிருந்த குட்டிப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நீளம் கட்டைதான்," என்றார் பெருமூச்சோடு. "நானும் நினைச்சனான், ஏதோ கட்டையா இருக்கு எண்டு. றேமண்ட், அஞ்சையும் திரும்பச் செய்யவேணும்."

"ஓம் சேர். நாளைக்கே தொடங்கலாம். அதுக்கு முதல் ஒருக்கால் அந்தத் தூணிட அடியை மட்டும்…"

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்த மூன்று நாளில் தூண் என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் நன்றாகக் கற்றிருந்தார். மேசையிலிருந்த உளியை எடுத்து லாச்சிக்குள் போட்டு, பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.